கைதட்டல் விழுந்த பக்கம்

அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். எந்தப் பாட்டுக்காரி யாருக்கு ஆதரவு சொன்னாள், எந்த நடிகன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று இளசுகள் கைபேசியைக் காட்டிக் காட்டிச் சண்டை பிடிப்பார்கள். பெயர் இருக்கிறவர்கள் பேசத்தான் வேண்டும் என்பாள் என் மருமகள். பாடுகிறவள் பாடிவிட்டுப் போகட்டும், எனக்கு ஏன் புத்தி சொல்கிறாள் என்பான் அவளுடைய தம்பி. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்பார்கள். எனக்கு ஒரு மனிதரின் குரல் ஞாபகம் வரும்.

அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். ஆள் இன்னும் இருக்கிறார். சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வார்.

நான் மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, அரங்கேற்றம், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், எதுவானாலும் சரி, கிழக்கு லண்டனில் அப்போது பெட்டிகள் என்னுடையவை, குரல் அவருடையது. அறிவிப்பாளர் என்றால் அவர்தான். குரலைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை. அவர் "அன்பு நெஞ்சங்களே" என்று தொடங்கினால் பின்வரிசையில் சீட்டாட்டக் கதை பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். இளவயதில் கொழும்பில் வானொலி நாடகங்களில் நடித்தவர். எங்கள் தாய்மார் அடுப்படியில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்ட குரல் அது. கடவுள் சிலநேரம் நல்ல சாமானைத் தவறான விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

வெள்ளைக் கோட், அதற்குமேல் பட்டுச் சால்வை, நெற்றியில் திருநீறு, கையில் இஞ்சி போட்ட சுடுதண்ணீர்ப் போத்தல். மண்டபத்துத் தேநீரை வாயில் வைக்க மாட்டார், குரல் கெட்டுவிடுமாம். மேடைக்குப் போகுமுன் நேரே என்னிடம் வந்து, என் தோளுக்கு மேலால் சபையை எட்டிப் பார்ப்பார்.

"தம்பி, எந்தப் பக்கம் சனம் கூட?"

முதலில் இந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஒலி எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்ற அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தார் அதிகமாக வந்திருந்தால் அன்று மாப்பிள்ளையின் பரம்பரைதான் யாழ்ப்பாணத்திலேயே பெரிய பரம்பரை. பெண் பக்கத்தார் நிறைந்திருந்தால் மகாலட்சுமி நடந்து வருவாள், மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் சும்மா வருவான்.

பட்டிமன்றங்களுக்கும் நடுவர் அவர்தான். பிள்ளைகள் கெட்டுப்போவது தாயாலா தகப்பனாலா என்று ஒருமுறை வைத்தார்கள். இரண்டு அணியும் தொண்டை கிழியப் பேசி முடிந்ததும் நடுவர் தேநீர் இடைவேளை கேட்டார். வந்து என் மேசையில் குனிந்தார்.

"ஆருக்குக் கைதட்டல் கூட விழுந்தது? உமக்கு உந்த மெசினில தெரியும்தானே?"

"அண்ணை, தீர்ப்பு நீங்களெல்லோ சொல்ல வேணும்?"

"தீர்ப்பு நான்தான் சொல்லுறன். சனம் என்ன நினைக்குது எண்டு தெரிஞ்சு சொல்லுறதுதானே நீதி?"

தகப்பன்தான் என்று தீர்ப்பு வந்தது. மண்டபத்தில் அன்று பெண்கள் அதிகம்.

ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காக வந்தேன் என்று மேடையில் சொல்வார். என் வான் வண்டியில் ஏறிய பிறகு ஒருநாள் உண்மையைச் சொன்னார். அங்கே மண்டபங்கள் சின்னவை, கைதட்டல் சீக்கிரம் நின்றுவிடுகிறதாம். இங்கே குட்மேய்ஸ் பகுதியில் வீடு வாங்கினார். அங்கேயும் அயலட்டையில் இரண்டு குடும்பங்களுக்கு வேலிச் சண்டை வந்தபோது, இரண்டு வீட்டிலும் போய்ச் சாப்பிட்டு, இரண்டு வீட்டிலும் நீங்கள் சொல்வதே சரி என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். எனக்கு அவரோடு ஒரே வண்டியில் போவதென்றாலே மனம் கூசும். ஆனால் அவர் வந்தால்தான் மண்டபம் நிறையும், மண்டபம் நிறைந்தால்தான் என் பெட்டிகளுக்கும் வேலை.

இப்படிப்பட்டவர் 2008இல் அமெரிக்கத் தேர்தலில் பக்கம் எடுத்தார். மனோர் பார்க் பகுதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் இயங்கிய சின்ன வானொலியில் சனிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதற்கும் ஒலி நான்தான். கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவு செய்யும் போட்டி நடந்தபோது அவர் முதலில் வேறொருவர் பக்கம் நின்றார். லண்டன் தமிழர் பலரும் அப்போது அந்தப் பக்கம். கோட்டில் அந்த வேட்பாளரின் சின்னம் குத்தியிருந்தார். காற்று மாறியது. அடுத்த சனிக்கிழமை கோட்டில் வேறு சின்னம். முந்தியது குத்திய துளை பக்கத்திலேயே தெரிந்தது.

"ஒரு கலைஞன் எண்ட முறையில நான் பகிரங்கமா அறிவிக்கிறன்" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். "நான் இவர் பக்கம். இவர் வந்தால் எங்கட பிரச்சினை தீரும்."

ஒரு நேயர் தொலைபேசியில் வந்து கேட்டார், "அண்ணை, உங்களுக்கோ எங்களுக்கோ அங்க வோட் இல்லையே?"

"கலைஞனுக்கு எல்லை இல்லை ஐயா. பேர் இருக்கிறவன் பேசாமல் இருந்தால் அது துரோகம்."

அதோடு விடவில்லை. கோயிலில் அந்த வேட்பாளரின் பெயருக்கு அர்ச்சனை செய்விக்கக் கூட்டத்தோடு போனார். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். பிறந்த நேரம் யாருக்குத் தெரியும்? பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒரு சோதிடர் நட்சத்திரம் எடுத்துக் கொடுத்திருந்தார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு கணம் யோசித்தார்.

"ஐயா, முன்னம் வேற ஒராளுக்கெல்லோ செய்வித்தனீங்கள்? அதுவும் இதே பதவிக்குத்தானே?"

"அது அப்ப" என்றார் இவர்.

"சரி. முருகனுக்குக் குழப்பம் வராமல் இருந்தால் சரி."

நான் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது. ஊரே அந்த மனிதர் வெல்ல வேண்டும் என்று நின்றது, நானும்தான் விரும்பினேன். எல்லாரும் நிற்கிற இடத்தில் போய் நின்று, நான்தான் முதலில் நின்றேன் என்று சொல்லும் வித்தையில் எங்கள் அறிவிப்பாளரை வெல்ல ஆள் இல்லை. தேர்தல் முடிந்து அவருடைய ஆள் வென்றதும் இங்கே இவருக்கு மாலை போட்டார்கள்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தவமக்கா இருந்தார். ஒரு ஆஸ்பத்திரிக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை. தனி மனுஷி. அவரை ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். கவுன்சிலோடு தனியாகச் சண்டை பிடித்து வீட்டுக் கூரையைத் திருத்த வைத்தவர். ஆனால் அவருடைய ஒரே தம்பி சின்னவன், மனைவி வதனியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போர் நடக்கிற வன்னிக்குள் இருந்தான். 2009 தைமாதம். எங்கும் ஷெல் வீச்சு. யாரிடமோ கெஞ்சி ஒரு தொலைபேசி வாங்கி அக்காவுக்கு எடுத்தான். காட்டு வழியாக வெளியேறப் போகிற ஆட்களோடு இவர்களும் போகலாமாம். ஆபத்துத்தான். இருப்பதும் ஆபத்துத்தான். அக்கா என்ன சொல்கிறாய் என்று கேட்டான். மறுநாள் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. தவமக்கா வானொலிக்கு எடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழைப்பை எடுத்துவிட்டவன் நான்.

"அண்ணை, என்ர தம்பியும் பிள்ளையளும் வன்னிக்குள்ள, காட்டு வழியால வெளிக்கிடலாமாம். எனக்கு ஆரைக் கேக்கிறது எண்டு தெரியேல்லை. நீங்கள் நாலு பெரிய ஆக்களோட பழகிறனீங்கள். அவையள் வெளிக்கிடுறதோ, நிக்கிறதோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னச் சொல். அந்த வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. குரலைத் தாழ்த்தினார். நாடகத்தில் ராசா வரும்போது வைக்கிற குரல்.

"பொறுங்கோ தங்கச்சி. அமெரிக்காவில அவர் கதிரையில இருக்க இன்னும் கொஞ்ச நாள்தான். இருந்த அடுத்த கிழமையே சண்டை நிக்கும். எனக்குத் தெரியும். அவையளை அசைய வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையளோட காட்டுக்குள்ள போறதே? நில்லுங்கோ எண்டு சொல்லுங்கோ."

அடுத்து ஒரு பாட்டுப் போட்டோம். பாட்டு ஓடும்போது சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எப்பிடி, நல்லா வந்ததே?"

சின்னவன் மறுபடி எடுத்தபோது தவமக்கா நில் என்று சொன்னார். அறிவிப்பாளர் சொன்னார், றேடியோவில் சொன்னார் என்று சொன்னார். அவன் நின்றான். போகலாம் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் உயிரோடு வெளியே வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. ஆகவே போயிருந்தால் சின்னவன் பிழைத்திருப்பான் என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது. நின்றதால் என்ன நடந்தது என்பது மட்டும் தெரியும். மாசியில் பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்தது. வதனியும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அவன் தண்ணீர் எடுக்க வெளியே வந்திருந்தான்.

அதற்கு முந்தின மாதம், சின்னவன் இன்னும் உயிரோடு இருந்தபோது, அமெரிக்காவில் பதவியேற்பு நடந்த நாளில் இவர் மண்டபம் எடுத்து, பெரிய திரை கட்டி, லட்டுக் கொடுத்தார். மேடையில் அழுதார். கண்ணீர் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். தவமக்காவும் வடை சுட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தார்.

பிறகு போரை நிறுத்தச் சொல்லிச் சனம் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு தாய்மார், ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள். இவர் கூட்டம் பெருகிய நாளில் வந்தார், படம் பிடிக்கிறவர்கள் கிளம்பியதும் கிளம்பினார். வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை அவருடைய கோட்டில் எந்தச் சின்னமும் இல்லை. நிகழ்ச்சியில் பழைய காதல் பாட்டுகள் போட்டார்.

வதனியையும் பிள்ளைகளையும் முள்வேலி போட்ட முகாமுக்குள் அடைத்திருந்தார்கள். உள்ளே ஒளித்து வைத்திருந்த யாருடையதோ தொலைபேசியில், வரிசையில் நின்று, கிடைத்த நேரத்தில் எடுப்பாள். முதல் தடவை எடுத்தபோது தவமக்கா என் வீட்டில்தான் இருந்தார். அழவில்லையாம் அவள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

"நாங்கள் வெளிக்கிட நிண்டனாங்கள். ஏன் மச்சாள் நில்லுங்கோ எண்டனீங்கள்?"

தவமக்கா வானொலியில் சொன்னதைச் சொன்னார். வதனி நம்பவில்லை. லண்டனில் இருக்கிற ஒரு நாடகக்காரர் காட்டுக்குள் இருக்கிறவனுக்கு நில் என்று சொன்னாராம் என்றால் யார்தான் நம்புவார்கள்? பழியைப் பிறர் தலையில் போடுகிறா என்று நினைத்தாள். தவமக்காவுக்கு மிச்சமிருந்த சொந்தம் அவளும் அந்த இரண்டு பிள்ளைகளும்தான். அதுவும் கையை விட்டுப் போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

என்னையும் கூட்டிக்கொண்டு வானொலி மாடிக்கு ஏறி வந்தார். அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"அண்ணை, நான் உங்களில பிழை பிடிக்க வரேல்லை. அவள் எடுக்கேக்க ஒருக்கா அவளோட கதையுங்கோ. நான்தான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. உங்கட குரல் அவளுக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் நம்புவாள்."

சால்வையைச் சரிசெய்தார். "தங்கச்சி, நான் பொதுவாச் சொன்னது. ஒரு ஆளுக்கு எண்டு சொல்லேல்லை."

"என்ர தம்பி எண்டு சொல்லித்தானே அண்ணை கேட்டனான்?"

"இப்ப காலம் வேற. கலைஞன் எல்லாருக்கும் பொது. பக்கம் எடுக்கிறது சரியில்லை. உதுகளுக்குள்ள என்னை இழுக்காதேங்கோ."

மார்கழியில் கொழும்பில் ஒரு கலைநிகழ்ச்சிக்கு அவருக்கு அழைப்பு வந்திருந்தது. எனக்குத் தெரியும், விசாவுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று கதைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சீ என்று போய்விட்டது. பெயர் உள்ளவர்கள் பக்கம் எடுக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எடுக்கட்டும், உரத்தே எடுக்கட்டும். ஆனால் ஒரு மனுஷி அந்தச் சொல்லை நம்பித் தன் தம்பியை நிறுத்தி வைத்தால், பிறகு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கத் துணிவு வேண்டும். இது இல்லாதவனுக்கு ஒலிவாங்கி எதற்கு?

ஆவணியில் ஒரு கல்யாணம். தவமக்காவும் வந்திருந்தார், மாப்பிள்ளை அவரோடு வேலை செய்யும் பெண்ணின் மகன். தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்பிய நேரம். இவர் மேடைக்குப் பக்கத்தில் ஏழெட்டு ஆட்கள் சூழ நின்று சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தவமக்காவின் கைத்தொலைபேசி அடித்தது. இலக்கத்தைப் பார்த்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். எல்லாருக்கும் முன்னால் அதை அறிவிப்பாளரின் கையில் வைத்து, தனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைத் திறந்துவிட்டார்.

"வதனி லைனில நிக்கிறாள். ஒரு வசனம் அண்ணை. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

"வணக்கம் தங்கச்சி" என்றார், அந்தக் குரலில்.

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு பெண் குரல் வந்தது. "இது... றேடியோ நாடகத்தில வாற அவரே?"

"அவனேதான் அம்மா."

"அம்மாவும் நானும் கேக்கிறனாங்கள். நான் அப்ப சின்னப்பிள்ளை."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அப்பிடியே? எந்த நாடகம் ஞாபகம் இருக்கு?"

முகாமுக்குள் வரிசையில் நின்று, புருஷனை ஷெல்லுக்குத் தின்னக் கொடுத்தவளிடம் அவர் கேட்ட கேள்வி அது. அவள் ஏதோ ஒரு ராசா நாடகம் என்றாள். உடனே அந்த ராசாவின் வசனத்தை நெஞ்சை நிமிர்த்திப் பேசிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தவமக்கா கையெடுத்துக் கும்பிட்டபடி, சத்தம் வராமல், "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று வாயசைத்தார். நானும் கிட்டப் போய், "அண்ணை, அந்த விஷயத்தைச் சொல்லுங்கோ" என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா நடக்கும் தங்கச்சி. முருகன் இருக்கிறார்" என்று சொல்லித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வதனி" என்று பதறினார் தவமக்கா. "வதனி, இவர்தானடி அண்டைக்கு..."

"மேளம் கேக்குது" என்றாள் வதனி. "கலியாணவீடே மச்சாள்?"

"ஓம், ஆனால் நான் சொல்லுறதைக் கேள்..."

"பெரிய ஆக்களோட நிக்கிறியள். சந்தோஷம் மச்சாள். நான் வைக்கிறன், பின்னால ஆக்கள் நிக்கினம்."

அவர் அதற்குள் மேடை ஏறிவிட்டார். வேலிக்குள் இருந்து ஒரு ரசிகை இப்போதுதான் என்னோடு கதைத்தா, இத்தனை துன்பத்திலும் என் நாடகத்தை மறக்கவில்லை என்று சபைக்குச் சொன்னார். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் தட்டைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள்.

தவமக்கா என் மேசைக்குப் பின்னால் வந்து கதிரையில் இருந்தார். அதே இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எடுத்தார். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் தொலைபேசியை மடியில் வைத்தார்.

"தம்பி, அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். சந்தோஷம் எண்டு சொல்லிப்போட்டாளடா."

வதனி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.